நான்கு விரல் உயரம்

ஹிஜ்ரி 1288, ஜமாதுல் ஆகிர் பிறை 3

இந்தப் புத்தகத்தை எழுதியவன் யார் என்று பிற்காலத்து உலகம் மண்டையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாகூரில் பிறந்து, பதினாறு வயதில் கப்பலேறி, மலாய்க் கரையிலுள்ள கோலா சினாங் சுல்தானிடம், அவருக்கு முன் அவருடைய தகப்பனாரிடம், ஆக முப்பத்தோரு வருடமாகச் சாபந்தராக இருக்கும் நெய்னா லெப்பை மரைக்காயர். சாபந்தர் என்றால் துறைமுகத்துக்குத் தலைவன். சுல்தான் நிலத்துக்குத் தலைவர். நிலத்தில் பாதி சதுப்பு, மீதி கொசு. எங்கள் இருவரில் யார் பெரியவர் என்று நான் சொல்லமாட்டேன். அடக்கம் என் கூடப்பிறந்தது.

எந்தத் தேசத்துக் கப்பலானாலும் ஆற்றுமுகத்து மணல்திட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு எனக்காகக் காத்து நிற்கும். நான் படகில் போய் வெற்றிலைத் தட்டை நீட்டுவேன். கப்பல் தலைவன் ஒரு வெற்றிலை எடுத்து மென்றுவிட்டால் அவன் சுல்தானின் விருந்தாளி. அதன்பின் நான் முன்னே போக, கப்பல் என் பின்னே வளைந்து வளைந்து உள்ளே வரும். அந்த வளைவு எனக்கும் மீன்களுக்கும் மட்டும்தான் தெரியும். மீன்களுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது புத்தகம் எதற்கு? என் தங்கச்சி மகன் முத்துவாப்பா சொந்தக் கப்பல் சமதானியில் நாகூரிலிருந்து புறப்பட்டுவிட்டான். என் மகள் ஹபீபாவுக்கும் அவனுக்கும் ரஜபு பிறை இருபதில் நிக்காஹ். பிறகு சாபந்தர் வேலையும் அவனுக்கே என்று சுல்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார். மாமனின் ஞானம் முழுவதையும் அவன் படித்துத் தேற வேண்டாமா?

என் மனைவி சல்ஹா எட்டிப் பார்த்துவிட்டு, "வர்ற புள்ளைக்கி மொதல்ல கஞ்சி குடுங்க. ஞானத்த பொறவு குடுப்பிய," என்று சொல்லிப் போனாள்.

பிறை 6

இன்று ஒரு புகைக்கப்பல் வந்தது. அதில் இருந்த பீரங்கி ஒன்றே ஒன்று. அதுவும் சாக்குப் போர்த்திக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது. இறங்கியவர் ஒரு துரை. கையில் குடை, பின்னால் மடக்கு மேசை. தெற்கே இரண்டு நாள் தூரத்தில் வெள்ளைக்காரர்கள் பிடித்து வைத்திருக்கிற தீவு இருக்கிறதே, அங்குள்ள கவர்னரின் தூதராம். பெயர் வில்மட்.

வெற்றிலையை வலது கையால் எடுத்தார், காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டார். என் மாமனார்கூட இவ்வளவு அடக்கமாக வெற்றிலை போட்டதில்லை. பிறகு சுல்தானுடைய மலாயைவிடச் சுத்தமான மலாயில் நலம் விசாரித்தார். அந்த நிமிஷமே எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்துவிட்டது. எதிரி என்று வருகிறவன் கொஞ்சமாவது முரடனாக இருக்க வேண்டாமா? முரடனென்றால் என் ஒரு பார்வையிலேயே கடலில் குதித்திருப்பான். இதற்கு முன் எழுபது பேர் குதித்திருக்கிறார்கள்.

"நான் எதையும் கேட்க வரவில்லை, துவான் சாபந்தர். நட்புக் கடிதம் ஒன்று. அதோடு, அவசியப்பட்டால், சின்னச் சின்ன யோசனைகள்," என்றார். துவான், அதாவது ஐயா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

பிறை 7

என் ரத்தம் கொதித்த கொதிப்பில் இன்று மத்தியானச் சோற்றை அதன் மேலேயே வைத்து வடித்திருக்கலாம்.

சபையில் கடிதத்தைப் பிரித்தார்கள். கவர்னரும் சுல்தானும் என்றென்றும் சிநேகிதர்கள், ஒருவர் பகைவர் மற்றவருக்கும் பகைவர், இப்படி எட்டு வரி. சரி, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சுல்தானின் முத்திரைக்கு இடம் விட்டிருந்தார்களே, எங்கே தெரியுமா? கடிதத்தின் காலடியில்! கடைசி வரிக்கும் கீழே!

முத்துவாப்பா, நீ நாகூர்க்காரன், உனக்கு இது தெரியாது. இந்தக் கரையில் கடிதத்தில் முத்திரை விழும் இடம்தான் மனிதனின் உயரம். முதல் வரிக்கு நேராக ஓரத்தில் குத்தினால் நானும் நீயும் சமம். முதல் வரிக்கும் மேலே குத்தினால் நீ எனக்குக் கீழே. நடுப்பக்கத்துக்கு இறங்கினால் நான் உனக்கு ஒரு படி கீழே. காலடியில் குத்துகிறவன் அடிமை. குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஒரு முத்திரை அரை விரல் இறங்கியதற்காக இங்கே அக்கரையும் இக்கரையும் ஏழு வருடம் வெட்டிக்கொண்டிருக்கின்றன.

சுல்தான் முகம் வெளுத்துப்போனார். நல்ல மனிதர், முப்பது வயது, புறா வளர்க்கிறார், கோபம் மட்டும் வராது. ஆகவே அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டேன். நான் போட்ட கூச்சலில் அரண்மனைக் கூரையிலிருந்து கீற்றுகள் உதிர்ந்தன. வில்மட் எழுந்து நின்று சுல்தானைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"எங்கள் அறியாமை, துவான்கு. எங்கள் ஊரில் எல்லோரும் கீழேதான் கையெழுத்துப் போடுவோம். நடுப்பக்கத்துக்கு உயர்த்திவிடலாம். மற்றதைப் பேசிக்கொள்வோம்."

நடுப்பக்கத்திலிருந்து முதல் வரிக்கு நான்கு விரல் உயரம். அதை வாங்காமல் விட்டால் நான் மரைக்காயனில்லை.

பிறை 8

நிக்காஹுக்குச் செய்யும் வட்டலப்ப இனிப்புக்கு வாத்து முட்டை கிடைக்கவில்லை. கோழி முட்டை என்றால் சல்ஹா ஒத்துக்கொள்ள மாட்டாள். துரையை விட முட்டைக்காரி கடுமையாகப் பேரம் பேசுகிறாள்.

பிறை 11

மூன்று நாள் வழக்கு, யாருடைய விரலால் அளப்பது என்று. சுல்தானுடைய விரல் மெல்லியது. என்னுடையது, மாஷா அல்லாஹ், ஒவ்வொன்றும் ஒரு கப்பலைக் கட்டிப்போடும். கடைசியில் என் நடுவிரல்தான் அளவு என்று துரையே ஒத்துக்கொண்டார்.

இன்று முதல் விரல் ஏறினோம்! பதிலுக்கு அவர் கேட்டது கடிதத்தில் கூடுதலாக ஒரு வரி: சிநேகிதர் தங்குவதற்கு ஆற்றுமுகத்துக் குன்றில் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம். குன்றில் என்ன இருக்கிறது? குரங்கும் பாம்பும். கட்டிக்கொள்ளட்டும், கடி வாங்கட்டும்.

பிறை 15

இரண்டாம் விரல். துரையின் நெற்றி வியர்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். "கவர்னரிடம் என்ன பதில் சொல்வேனோ?" என்று முணுமுணுத்தார். பாவம்.

எனக்கு இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல்வலி. கிராம்புத் தைலம் வைத்துக்கொண்டே வாதாடினேன். உலக சரித்திரத்தில் ஒரே பல்லால் ஒரு சாம்ராஜ்யத்தை மென்றவன் நான்தான். அவருக்குக் கொடுத்த வரி என்னவோ, சுல்தான் மற்ற ராஜாக்களுக்கு எழுதும் கடிதத்தைச் சிநேகிதரிடம் காட்டிவிட்டு அனுப்புவது என்று. காட்டினால் என்ன? எழுதுகிறவன் நான். என் எழுத்தைப் பார்த்தாவது கொஞ்சம் கற்றுக்கொள்வார்.

பிறை 16

ஒரு விசித்திரம் கவனித்தேன். வரி கூடக் கூடக் கடிதம் கீழ்நோக்கி நீளுகிறது. கீழே நீள நீள, மேலே நம் முத்திரை இன்னும் உயரத்தில் இருப்பது போலத் தெரிகிறது. ஆகா! சுல்தானிடம் காட்டினேன். அவருக்கும் வெகு சந்தோஷம்.

பிறை 21

மூன்று.

இனித் துறைக்கு வரும் கப்பலை வரவேற்க என் படகோடு அவர் படகும் வரலாமாம். வரட்டும். பின்னால் வரட்டும்.

பிறை 26

எக்காளம் ஊதுங்கள்! நான்காம் விரலும் ஏறினோம்! முதல் வரிக்கு நேராக, ஒரு நூல்கூடக் கீழிறங்காமல், வெள்ளி முத்திரையை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கரி ஏற்றி, ஈரக் காகிதத்தில் சுல்தான் அழுத்தினார். கோலா சினாங் இன்று அவர்களுடைய மகாராணிக்குச் சமம். கடிதத்தைச் சுத்தமாகப் பெயர்த்தெழுதும் பெருமையும் எனக்கே கிடைத்தது. பன்னிரண்டு வரி, ஒரு அடித்தல் இல்லை. மஞ்சள் குடை பிடித்து, ஊரிலுள்ள ஒரே யானை மேல் ஏற்றி, புகைக்கப்பல் வரை ஊர்வலமாகக் கொண்டுபோனோம்.

துரை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இருபது வருடம் இந்தக் கடலில் வேலை பார்க்கிறேன், துவான் சாபந்தர். உங்களைப் போல ஒரு எதிராளியைச் சந்தித்ததில்லை," என்றார். நான்கு பேர் காதில் விழும்படி மறுபடியும் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

வீட்டில் சல்ஹாவிடம் சொன்னேன். முட்டை அடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"முத்திரை மேல போச்சு, சரி. மத்த வரியிலல்லாம் என்னா எழுதியிரிக்கி?"

"அதெல்லாம் சில்லறை."

"நாலாவது வெரலுக்கு என்னா குடுத்திய?"

"பல்வலி. பேச முடியல," என்றேன்.

ரஜபு பிறை 3

குன்றில் மரம் வெட்டிவிட்டார்கள். குரங்குகள் என் கூரைக்குக் குடிவந்துவிட்டன. கொடிமரம் ஒன்று நட்டிருக்கிறார்கள், அரண்மனைக் கொடிமரத்தைவிட உயரம். அளந்து பார்க்கவில்லை. அளக்காமலே தெரிகிறது.

புகைக்கப்பல் மணல்திட்டுக்கு அருகிலேயே நிற்கிறது. "சாமான் இறக்க," என்றார் துரை. எட்டு நாளில் ஒரே ஒரு நாற்காலி இறங்கியது.

பிறை 6

அச்சே நாட்டு மிளகுக் கப்பல் வந்தது. அதன் தலைவரான நகோதா என் இருபது வருடச் சிநேகிதர். வெற்றிலைத் தட்டோடு புறப்பட்டேன். எனக்கு முன்னாலேயே துரையின் படகு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. என் படகு நெருங்குவதற்குள் அந்தக் கப்பல் பாயைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. நகோதா என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அவருடைய முகத்தை நான் மறக்கமாட்டேன்.

"என்ன செய்தீர்கள்?" என்று கத்தினேன்.

"நான் ஒன்றும் செய்யவில்லை, துவான் சாபந்தர். தீவுக்குப் போய் அனுமதிச் சீட்டு வாங்கி வரும்படி யோசனை சொன்னேன். கடிதத்தில் இருக்கிறதே."

கடிதத்தின் நகலைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். மழைக்கு எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருந்தார். பன்னிரண்டாவது வரி: கடல் தாண்டி வரும் எந்தக் கப்பலும் தீவில் சீட்டு வாங்கிய பிறகே கோலா சினாங் துறைக்குள் நுழையும், சீட்டில்லாமல் வரும் கப்பலைச் சாபந்தரே திருப்பி அனுப்புவார்.

வரி நேராக ஓடியது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. யாருடைய எழுத்து என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

பிறை 7

வாத்து முட்டை கெட்டுப்போய்விட்டது. முட்டைக்காரியை ஏசினேன். படகுக்காரனை ஏசினேன். கூரைக் குரங்கை ஏசினேன். பள்ளிவாசலில் தொழுகைக்கு முந்தி நின்றவனை ஏசினேன். மாலையில் ஏச ஆள் கிடைக்காமல் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

சமதானிக்கு என்ன சீட்டு இருக்கும்? அது நாகூரிலிருந்து புறப்பட்டபோது இப்படி ஒரு வரி உலகத்திலேயே இல்லை.

பிறை 8

சுல்தானிடம் போனேன். புறாக்களுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தார். "துவான்கு, அந்தப் பன்னிரண்டாவது வரியை எடுக்கச் சொல்ல வேண்டும்," என்றேன்.

"நாம் ஜெயித்துவிட்டோம் என்றீர்களே, சாபந்தர்?"

"ஜெயித்தோம்."

"அப்படியானால் ஜெயித்ததை ஏன் மாற்ற வேண்டும்?"

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த மனிதர் நான் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார். கேலி செய்திருந்தால் என் கோபத்துக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். துரையிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். சுல்தான், துரையிடம், கேட்டுப் பார்க்கிறார்!

துரை பதில் யோசனை அனுப்பினார்: நட்பில் சந்தேகம் வரும்படி நடப்பது நல்லதல்ல.

யோசனை! உத்தரவு போட்டால் மீறலாம். மிரட்டினால் அடிக்கலாம். யோசனை சொல்கிறவனை என்ன செய்வது? அந்த ஒரு சொல்லைப் பிடித்து ஆற்றில் முக்கிக் கொல்ல முடியுமென்றால் என் மிச்ச ஆயுளை அதற்கே கொடுத்துவிடுவேன்.

பிறை 10

சல்ஹா கேட்டாள்: "அந்த வரிய நீங்கதானே எழுதினிய?"

நான் வெற்றிலைத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். ஹபீபா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மருதாணி அரைத்த அம்மியைக் கழுவிக்கொண்டே, "வாப்பா, மச்சான் கப்பல் வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க. பெருசா சொல்லாம, உள்ளத சொல்லுங்க," என்றாள்.

வரும் என்றேன். பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை.

பிறை 14

காலை. சமதானி தெரிகிறது. பெரிய பாய்மரம் இல்லை. முறிந்த அடிக்கட்டையில் ஒரு சின்னப் பாயைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. துரையின் ஆள் வந்து, சாபந்தர் குன்றுக்கு வந்து போனால் நல்லது என்று சொன்னான்.

அதே நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு

அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக வரும். பரவாயில்லை. அழகாக எழுதியதெல்லாம் போதும்.

குன்றில் துரை எனக்கு நாற்காலி போட்டார். தேத்தண்ணி கொடுத்தார். "உங்கள் மருமகன் கப்பல் என்று அறிந்தேன். மிகவும் வருத்தம்," என்றார். "ஆனால் முதல் முறையே சொந்தக்காரருக்கு விலக்கு என்றால் ஊர் என்ன சொல்லும்? தீவில் தச்சர்கள் இருக்கிறார்கள். இரண்டே நாள் தூரம்."

"எதிர்க்காற்று. மரம் போய்விட்டது. தண்ணீர் ஏறுகிறது. இரண்டு நாள் எந்தக் கணக்கு?"

"நான் கடலோடி இல்லை, துவான் சாபந்தர். என் யோசனையைச் சொன்னேன். திருப்பி அனுப்ப வேண்டியவர் நீங்கள்தான். கடிதம் அப்படித்தான் சொல்கிறது."

நான் படகேறினேன். வெற்றிலைத் தட்டு மடியில். புகைக்கப்பலைக் கடந்தபோது பீரங்கி மேல் இருந்த சாக்கை எடுத்திருந்தார்கள்.

சமதானியில் ஏறினால் நாற்பத்தோரு பேர், கண்ணெல்லாம் குழிவிழுந்து, வரிசையாக நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். முத்துவாப்பாவின் உள்ளங்கையில் தோலே இல்லை. சலாம் சொல்லிவிட்டுச் சிரிக்கிறான்.

"என்னா மாமா, மெலிஞ்சிட்டிய? மாமி சோறு போடலியா? நிக்காஹுக்கு நேரத்துக்கு வந்துட்டேன்ல?"

நான் வாயைத் திறந்தேன். உள்ளதைச் சொன்னேன். கடிதம், நான்கு விரல், பன்னிரண்டாவது வரி, என் கை. ஆற்றங்கரையில் இத்தனை நாள் உட்கார்ந்தும் புத்தகத்தில் எழுத முடியாததை ஈரத் தளத்தில் நின்று சொன்னேன்.

அவன் சிரிப்பு நின்றது.

"அப்ப, எங்கள திருப்பி அனுப்பத்தான் வந்தியளா, மாமா?"

"ஆமா. அதுக்குத்தான் அனுப்பினாக."

"எறைக்கிறத நிறுத்துனா கப்பல் அஸர் வரைக்கும்கூட தாங்காது. ஒங்க ஒசந்த முத்திரைய எனக்கென்னத்துக்கு? என் ஆளுவொ நாப்பது பேரு, அதுல நாலு பேருக்கு நிக்கவே முடியல. ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடி எங்கள ஒரு தடவ நெனச்சியளா?"

இதை அவன் கத்திச் சொல்லியிருக்கலாம். மெதுவாகச் சொன்னான். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

நான் தட்டை நீட்டினேன். வெற்றிலை எடு என்றேன். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எடுடா! எடுத்து மெல்லு! மென்னுட்டா நீ விருந்தாளி. அப்புறம் எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்!" என்று நான் போட்ட கூச்சல் நாகூர் வரை கேட்டிருக்கும். எடுத்தான். மென்றான். தோலுரிந்த கையில் சுண்ணாம்பு பட்டுத் துடித்தான்.

பௌர்ணமிக் கடல்வெள்ளம் ஏறி நின்ற உச்சி நேரம். நான் என் படகில் நின்றுகொண்டு முன்னே போனேன். சமதானி பின்னே வந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. புகைக்கப்பலுக்குக் கல்லெறி தூரத்தில் போக வேண்டும். பீரங்கிக்காரன் எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றான். நான் மார்பைத் திறந்து காட்டினேன். சுடு என்றேன். மலாயிலும் தமிழிலும் எனக்குத் தெரிந்த நான்கு இங்கிலீசு வார்த்தையிலும் சொன்னேன். அவன் சுட்டிருந்தால், சல்ஹாவின் மேல் ஆணை, குண்டைக் கையால் பிடித்துத் திருப்பி எறிந்திருப்பேன்.

சுடவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். குன்றில் துரை நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். சுட்டிருந்தால் தேவலை.

கப்பல் துறைக்குள் வந்து சேற்றில் தரை தட்டி நின்றது. நாற்பத்தோரு பேரும் இறங்கிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். சல்ஹா கஞ்சிப் பானையோடு நின்றாள்.

பிறை 15

காலையில் துரையின் ஆட்கள் சமதானியின் கதவுகளில் அரக்கு வைத்துப் பூட்டிவிட்டார்கள். உடுத்தும் கைத்தறிக் கம்பாயத் துணி முந்நூறு கட்டு, புகையிலை, ஹபீபாவுக்குத் தங்கச்சி கொடுத்தனுப்பிய பெட்டி, எல்லாம் உள்ளே.

முத்துவாப்பா கைக்கு மருந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்னோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறான். ஹபீபா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மருந்து கொடுத்தனுப்புகிறாள். அவளும் என்னோடு பேசவில்லை.

பிறை 16

சிநேகிதரின் யோசனை சுல்தானுக்கு வந்தது. ஒப்பந்தம் மீறப்பட்டது கவர்னருக்குப் பெரிய மனவருத்தம். ஆனாலும் நட்பு பெரிது. ஆகவே தண்டனை ஒன்றும் வேண்டாம். சாபந்தருக்கு வயதாகிவிட்டதால் அவருக்கு ஓய்வு கொடுத்து, துறைமுகத்தைக் கவர்னர் அனுப்பும் அதிகாரி பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. அப்படிச் செய்தால் சமதானியின் பூட்டைத் திறந்துவிடலாம்.

வயதாகிவிட்டதாம்! எனக்கு!

சபையில் இருபது பேர் இருந்தார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். பாயைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், ஒருவர் தன் கால் விரலை எண்ணிக்கொண்டிருந்தார். முத்திரையின் உயரத்துக்காக மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்திய அதே இருபது பேர். அவர்களை ஏச வாயெடுத்தேன். எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியது யார் என்று நினைவு வந்து மூடிக்கொண்டேன்.

பிறை 17

அரண்மனை எழுத்தருக்குக் காய்ச்சல், என்னை நீக்கும் கடிதத்தை நானே வந்து எழுத வேண்டும் என்று ஆள் வந்து சொன்னான். நல்ல வசதியான காய்ச்சல். துரையின் யோசனையும் அதுதான்: கடிதம் சாபந்தர் கையெழுத்திலேயே இருந்தால் துறைக்காரர்கள் சந்தேகமில்லாமல் நம்புவார்கள்.

போக மாட்டேன் என்று குதித்தேன். என் கையை வெட்டி அனுப்புகிறேன், அது போய் எழுதட்டும் என்றேன். முத்துவாப்பாதான் வாய் திறந்தான், மூன்று நாளுக்குப் பிறகு.

"எழுதிட்டு வாங்க மாமா. என் ஆளுவொ ஊரு போய்ச் சேரணும். கப்பல் வேணும்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "நானும் கூட வர்றேன்," என்றான்.

போனோம். சுல்தான் தனியாக இருந்தார். நான் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுதினேன். சுல்தானிடமிருந்து அவருடைய அடிமை நெய்னா லெப்பைக்கு. நீ எமக்கும் எம் தந்தைக்கும் முப்பத்தோரு வருடம் செய்த ஊழியம் போதும். இன்று முதல் நீ சாபந்தர் அல்ல. மூன்றே வரி. மிகைப்படுத்த அதில் ஒன்றுமில்லை.

சுல்தான் மெழுகுவத்திக்கு மேல் முத்திரையைப் பிடித்தார். புகை கண்ணில் படுவதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார். ஒரு புகையும் அந்தப் பக்கம் போகவில்லை. கரி ஏறி வெள்ளி கறுத்தது. பிறகு அவருடைய கை காகிதத்தின் மேல் வந்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. நடுவில் நின்றது. கீழே இறங்கியது. துரைக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம் அந்த விரல்களில் தெரிந்தது.

"எங்கே வைக்கட்டும், சாபந்தர்?"

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் கண் இருட்டியது. அவர் மேலா, துரை மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து மேலே கொண்டுபோனேன். முதல் வரிக்கும் மேலே. காகிதத்தின் விளிம்பு வரை.

"இங்கே, துவான்கு. இவ்வளவு உயரத்தில் குத்த உங்களுக்கு இன்னொரு சந்தர்ப்பம் வராது. இந்த நாட்டில் உங்களுக்குக் கீழே மிச்சமிருக்கிறவன் நான் ஒருத்தன்தான்."

அழுத்தினார்.